முப்பத்தேழாம் பல்லுக்கு நான் எழுதிய எண்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்தே காலுக்கு, முன்பு என்னோடு வேலை செய்த கவிதா தொலைபேசியில் அழைத்தாள். இப்போது ஒரு தனியார் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள்.

"அக்கா, எங்க கிளினிக்ல புது சிஸ்டம் வந்திருச்சு. ஈறு அளவு எடுக்கும்போது, போன தடவை எடுத்த நம்பர் ஸ்கிரீன்லயே சாம்பல் கலர்ல தெரியுது. மாறினத மட்டும் மாத்தினா போதும். பாதி நேரம் மிச்சம் லா."

"மாறலன்னு யார் முடிவு பண்றது?"

"ஐயோ, ரிட்டையர் ஆகியும் போலீஸ்காரி மாதிரியே பேசுறீங்களே!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்தபின் அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்புகளில் ஒன்றை எடுத்தேன். முப்பத்தோரு ஆண்டு வேலையில் நான் எந்த நாளையும் எழுதாமல் விட்டதில்லை. என்ன கிழமை, எத்தனை நோயாளிகள், மழையா வெயிலா, ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று எல்லாம் இருக்கும். தேடிய பக்கம் உடனே கிடைத்தது. அந்தச் சாம்பல் நிற எண்களை நான் ஏன் நம்பவில்லை என்பதைக் கவிதாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் வேலை, பல் மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவள். பினாங்கில் பயிற்சி முடித்து, மூன்று இடங்கள் மாறி, கடைசிப் பதினாறு ஆண்டுகளைக் கிள்ளானில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் கழித்தேன். நோயாளிகளுக்கு நான் "மிஸ்ஸி". எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட எந்தப் பெண்ணும் மிஸ்ஸிதான்.

என் மேலதிகாரி டாக்டர் பத்மா ரவாங்கில் வளர்ந்தவர். அவர் யாரையும் நம்பாதவர். கெட்ட மனசு என்று சொல்லிவிடாதீர்கள். அதுதான் அவர் வேலை செய்யும் முறை. "ரெண்டு வேளை துலக்குறேன் டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், "நல்லது, அடுத்த தடவை உங்க பிரஷைக் கொண்டு வாங்க" என்பார். கொண்டுவந்த பிரஷ் புதிதாக இருந்தால், "பழசு எங்க?" என்பார். ரத்தம் வருகிறதா என்ற ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். துலக்கும்போது எச்சில் சிவப்பாக இருக்கிறதா, ஆப்பிள் கடித்தால் கறை படுகிறதா, காலையில் தலையணையில் ஏதாவது தெரிகிறதா. முதலில் இல்லை என்றவர் மூன்றாவதில் தலையாட்டுவார். கருவியைக்கூட அவர் நம்பமாட்டார். ஈறு அளக்கும் கம்பியில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓர் இரும்பு அளவுகோலை வைத்து அந்தக் கோடுகளைச் சரிபார்ப்பார்.

அந்த அளவு எடுப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு சிறு இடுக்கு உண்டு. நல்ல ஈறில் முனை மழுங்கிய அந்தக் கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. நோய் வந்த ஈறு பல்லை விட்டுக் கழன்று பையாகிவிடும். ஐந்து, ஆறு, எட்டு என்று கம்பி இறங்கும். அதன் அடியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடத்தில் அளக்க வேண்டும். டாக்டர் எண்ணை ஆங்கிலத்தில் சொல்வார். நான் திருப்பிச் சொல்லி அட்டையின் கட்டத்தில் எழுதுவேன். வாயை நான்காகப் பிரித்துப் பல்லுக்கு எண் போடுவோம். கீழ் இடது பக்கம் மூன்றாம் பகுதி. அதில் நடுவிலிருந்து ஏழாவது பல், முப்பத்தேழு.

டாக்டர் பத்மாவுக்கு இதில் ஒரு சட்டம் இருந்தது. அளக்கும்போது நோயாளியின் பழைய அட்டை மேசைமேல் இருக்கக் கூடாது. அதை இழுப்பறையில் கவிழ்த்து வைக்க வேண்டும். "பழைய நம்பரைப் பார்த்தா கை அதையே தேடும், எஸ்தர். நாலுல நின்னாப் போதும்னு நிறுத்திடும்." எல்லாம் முடிந்தபின்தான் பழையது வெளியே வரும். பிறகு "படிங்க" என்பார். நான் முழு அட்டையையும் வாசிப்பேன். கேட்டபின் கையெழுத்துப் போடுவார்.

நாகேந்திரன் இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்தது தீபாவளி முடிந்த இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணிக்கு. பண்டமாரானில் வீடு. துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்ததால் சுகாதார கிளினிக்கிலிருந்து பல் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மனைவி விமலாவும் கூட வந்தார். பரிசோதனை அறைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டார்.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறாரு மிஸ்ஸி, நானே எண்ணிக் குடுக்கிறேன். ஆனா சுகர் இறங்கவே மாட்டேங்குது. கம்பெனி டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. மூணு மாசத்துல இறங்கலன்னா லைசென்ஸ் பாரத்துல கையெழுத்துப் போட மாட்டாராம். லோரியில ஏற முடியாது."

"தே ஓ கோசொங்தான் குடிக்கிறேன்" என்றார் நாகேந்திரன். சீனி போடாத டீ என்று பொருள்.

"கோசொங்கா! அப்ப சட்டைப் பையில மிட்டாய்த் தாள் யாரு போட்டது? பேயா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: இந்த ஆள் திருட்டுத்தனமாகத் தின்கிறார்.

"ஆடுற பல்லு ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"எந்தப் பக்கம் மெல்லுவீங்க?"

"ரெண்டு பக்கமும்."

பழைய அட்டையைக் கவிழ்த்து வைத்து அளக்கத் தொடங்கினோம். மேல் வலது, மேல் இடது. கீழ்த்தாடையை வலது கோடியில் தொடங்கினோம். பெரும்பாலும் மூன்று, நான்கு. கீழ் இடதில் முப்பத்தைந்து வரை வந்துவிட்டோம். இன்னும் இரண்டு பல்தான். அப்போது பக்கத்து அறையில் பல் பிடுங்கிய ஒரு பெரியவருக்கு ரத்தம் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடினார்.

பத்து நிமிடம் ஆயிற்று. நாகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ்ஸி, ஒன்றரைக்கு வார்ஃப் கேட்ல நிக்கணும். வரிசை போச்சுன்னா இன்னிக்கி டிரிப் போச்சு." நான் சாய்வு நாற்காலியை நிமிர்த்தி அவரை அனுப்பிவிட்டேன்.

கையில் அட்டை இருந்தது. முப்பத்தாறிலும் முப்பத்தேழிலும் பன்னிரண்டு கட்டங்கள் காலி. "அளக்கவில்லை" என்று எழுதி, காரணமும் எழுதியிருக்க வேண்டும். அதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். நாட்குறிப்பில் ஒரு நாளைக்கூடக் காலியாக விடாதவள் நான். இழுப்பறையைத் திறந்தேன். இரண்டு ஆண்டுக்கு முந்திய அட்டையைத் திருப்பினேன். மூன்று, மூன்று, நான்கு. மற்றப் பற்களில் பெரிய மாற்றமில்லை, இங்கே மட்டும் எதற்கு மாறியிருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பன்னிரண்டையும் எழுதினேன்.

மாலை நான்கு மணிக்கு டாக்டர் "படிங்க" என்றார். அளந்த எண்களை வாசித்த அதே குரலில் அளக்காத எண்களையும் வாசித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த அட்டையைப் பார்த்தால் லேசான ஈறு அழற்சி, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்கு வரிசைப்படி மூன்று மாதம் கழித்துத்தான் சுத்தம் செய்யும் நாள் கிடைக்கும். உண்மையான எண்கள் இருந்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் கூப்பிட்டிருப்போம். சுகாதார கிளினிக்குக்கு நாங்கள் அனுப்பிய பதிலில் ஈறு பெரிய பிரச்சினை இல்லை என்று இருந்தது. சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நாங்கள் ஒரு கதவைச் சாத்திவிட்டோம். மிச்சமிருந்த கதவு ஒன்றுதான். ஆள் பொய் சொல்கிறார்.

மூன்று மாதம் கழித்து, தைப்பூசம் முடிந்த மறு புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு இருவரும் வந்தார்கள். நாகேந்திரன் இளைத்திருந்தார். கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. லோரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, இவரை யார்டில் கொள்கலன் எண் சரிபார்க்கும் வேலையில் நிறுத்தியிருந்தார்கள். இன்னும் மூன்று மாதத்தில் இன்னொரு ரத்தப் பரிசோதனை. அதிலும் இறங்காவிட்டால் லைசென்ஸ் முடிந்துபோகும்.

"மிட்டாய நிறுத்திட்டேன் டாக்டர். சத்தியமா."

"நிறுத்திட்டாருதான்" என்றார் விமலா. "தினம் பைய நானே தடவிப் பாக்கிறேன். ஆனா கொஞ்சந்தான் இறங்கியிருக்கு. அப்ப வெளிய எங்கயோ திங்கிறாரு. அதுவும் இல்லாம வாய் நாத்தம் தாங்க முடியல. குடிக்கிறாரோன்னு பயமா இருக்கு."

"முன்னால எதுக்கு மிட்டாய் தின்னீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

நாகேந்திரன் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். "நாத்தத்துக்குத்தான். கேட்ல ஆபீசர்கிட்ட பேசணும். மூஞ்சத் திருப்பிக்கிறான். அதான் புதினா மிட்டாய வாயில போட்டுக்குவேன்."

டாக்டர் நாற்காலியைச் சாய்த்தார். வழக்கம்போலப் பழைய அட்டைகள் கவிழ்ந்தன. முதலிலிருந்து அளந்தோம். முப்பத்தாறுக்கு வந்தபோது கம்பி இறங்கியது. "ஆறு, ஏழு, ஆறு." திருப்பிச் சொன்னேன். முப்பத்தேழில் "எட்டு, ஒன்பது, எட்டு" என்றார். கம்பியின் ஓரமாகச் சீழ் வந்தது. இரண்டு கருவிகளின் பிடிகளுக்கு நடுவில் வைத்து அசைத்தபோது பல் நாற்று மாதிரி ஆடியது.

"இது எத்தனை நாளா ஆடுது?"

"ஒரு வருஷமா" என்றார் நாகேந்திரன், கண்ணை மூடிக்கொண்டே. "சொன்னா புடுங்கிடுவீங்கன்னுதான் சொல்லல. பந்திங்ல என் அண்ணனுக்கு இனிப்பு நீர்ல கால்ல புண்ணு வந்து ஆறவே இல்ல. காலையே எடுத்துட்டாங்க. பல்லப் புடுங்கினா எனக்கும் ஆறாதுன்னு நெனச்சேன்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையை விரித்து நாகேந்திரன் முகத்துக்கு நேரே காட்டினார். "ஈறுக்குள்ள இருக்கிற புண்ணையெல்லாம் பிரிச்சு விரிச்சா பெரிசா இருக்கும். வெளிய தெரியல, அவ்வளவுதான். உங்க கையில சீழோட ஒரு புண்ணு இருந்தா ஒரு வருஷம் சும்மா விடுவீங்களா? அந்தக் கிருமியோட உடம்பு தினம் சண்டை போடுது. அந்த சண்டையில மருந்து சரியா வேலை செய்யாது, சுகர் ஏறும். சுகர் ஏறினா ஈறு இன்னும் கெடும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிவிடும். இதயத்துக்கும் இது நல்லதில்ல. பல்ல எடுக்கிறதால இல்ல, எடுக்காம விடுறதாலதான் பயப்படணும்."

பிறகு இழுப்பறையைத் திறந்து போன முறை அட்டையைப் புரட்டினார். மூன்று, மூன்று, நான்கு. தன் கையெழுத்தையும் பார்த்தார்.

"மூணு மாசத்துல மூணு எப்படி ஒன்பது ஆகும்?" என்றார். யாரையும் கேட்கவில்லை.

அன்று பிற்பகல் அளவுகோலை எடுத்து எல்லாக் கம்பிகளையும் சரிபார்த்தார். கிழமை புதன். அடுத்த நாள் அட்டை மாறியிருக்குமோ என்று அதே பெயருள்ள வேறு நோயாளிகளைத் தேடச் சொன்னார். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கண் பரிசோதனைக்குப் போனார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் ஒன்றை மட்டும் சந்தேகப்படவில்லை. என் எழுத்தை.

திங்கட்கிழமை காலை வந்ததும், "எஸ்தர், கண்ணு சரியாத்தான் இருக்குங்கிறாங்க. ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல. கொஞ்ச நாளைக்கு அளவெல்லாம் வேற டாக்டர் எடுக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். நின்றுகொண்டே, பன்னிரண்டு கட்டங்கள் என்று எண்ணிக்கையோடு சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "அன்னிக்கு சாயந்திரம் படிச்சீங்களே" என்றார்.

"ஆமா டாக்டர்."

"ஒரு இடத்துலகூடக் குரல் மாறல."

அட்டையில் அந்தப் பன்னிரண்டு எண்களையும் ஒரே கோட்டால் அடித்து, அளக்கப்படவில்லை என்று எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். சுகாதார கிளினிக்குக்குத் திருத்தக் கடிதம் போனது. என் விளக்கக் கடிதம் மேலிடத்துக்குப் போனது. எச்சரிக்கை வந்தது. அதைவிடக் கடினமானது அடுத்த இரண்டு மாதங்கள். நான் எழுதிய அட்டைகளில் சிலவற்றை எந்த வரிசையும் இல்லாமல் உருவி, அந்த நோயாளிகளை ஒவ்வொருவராக வரவழைத்து மறுபடி அளந்தார். வேறு தவறு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நாகேந்திரன்கிட்ட யார் சொல்றது?" என்று கேட்டேன்.

"எழுதினது நீங்க."

முப்பத்தேழாம் பல்லை எடுத்தோம். சர்க்கரையைப் பார்த்து, காலையில் சாப்பிட்டு மருந்து போட்டபின் வரச்சொல்லி எடுத்தோம். புண் ஒழுங்காக ஆறியது. முப்பத்தாறைக் காப்பாற்ற, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை இரண்டு அமர்வுகளில் சுரண்டிச் சுத்தம் செய்தார் டாக்டர். அந்த மூன்று வருகைகளிலும் நான் பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழாயைப் பிடித்திருந்தேன். மூன்றிலும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்திருக்கும்போது சொல்வது நியாயமில்லை என்று முதலில் நினைத்தேன். அடுத்த தடவை மழை, அவசரமாகப் போனார். மூன்றாவதற்கு நாட்குறிப்பில் காரணம் எதையும் எழுதவில்லை.

நான்காவது வருகை, ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. நாகேந்திரன் கம்பெனிச் சட்டையில் வந்தார். விமலா கையில் ஒரு பை நிறைய ரம்புத்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டாரு மிஸ்ஸி! திங்கக்கிழம லோரி ஏறுறேன். பழைய லோரி இல்ல, அத வேற ஆளுக்குக் குடுத்தது குடுத்ததுதான். இது ஏர்கான் வேலை செய்யாத சனியன். பரவால்ல."

சுகாதார கிளினிக்கில் மருந்தையும் கூட்டியிருந்தார்கள். அவரும் உணவைப் பார்த்துக்கொண்டார். ஈறுதான் முழுக் காரணம் என்று டாக்டர் பத்மா ஒருநாளும் சொன்னதில்லை. "ஒரு காரணம்" என்றுதான் சொல்வார். ஆனால் அந்த ஒன்றை நாங்கள் மூன்று மாதம் மூடி வைத்திருந்தோம்.

விமலா பையை என்னிடம் நீட்டினார். வாங்காமல் சொன்னேன். முதல் நாள் அளவு முடியவில்லை என்று. நான் பழைய அட்டையைப் பார்த்து எழுதினேன் என்று. அதனால்தான் மூன்று மாதம் தள்ளிப்போனது என்று.

விமலாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "மூணு மாசமா இந்த மனுசன் பையத் தடவிட்டு இருந்தேன். ஈறு நல்லாருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னுதானே, இந்த நாத்தம் குடின்னு நெனச்சேன்? இவரு தங்கச்சி வீட்டுக்குப் போன் போட்டு, அண்ணன் அங்க வந்து குடிக்கிறாரான்னு கேட்டேன். சிரிச்சாங்க. அந்த மானத்த எங்க போய் வாங்குறது?"

"மன்னிச்சிருங்க" என்றேன்.

நாகேந்திரன் மனைவியின் கையிலிருந்த பையை வாங்கித் தரையில் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அது கோபமில்லை. துறைமுகக் கேட்டில் கொள்கலனின் முத்திரையைச் சரிபார்ப்பவன் பார்க்கும் பார்வை.

"அப்போ மத்த நம்பரெல்லாம்?"

"அதெல்லாம் அளந்தது."

"அத நீங்கதான சொல்றீங்க."

டாக்டர் பத்மா புதுக் கையுறையை எடுத்தார். "அவர் கேக்கிறது சரி. எஸ்தர், புது அட்டை. எல்லாப் பல்லும்."

"ஒண்ணு டாக்டர்" என்றார் நாகேந்திரன், நாற்காலியில் ஏறிக்கொண்டே. "இங்கிலீஷ்ல வேகமா சொல்லாதீங்க. தமிழ்ல சொல்லுங்க. எனக்கும் கேக்கணும்."

மேல் வலது கோடியில் தொடங்கினோம். டாக்டர் "மூணு, ரெண்டு, மூணு" என்பார். நான் திருப்பிச் சொல்வேன். தமிழில் இதைச் செய்தது என் வேலையில் அதுவே முதல் தடவை, கடைசித் தடவையும். வழக்கமாக இருபது நிமிட வேலை, நாற்பது நிமிடம் ஆயிற்று. விமலா எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் மூச்சு என் தோளில் பட்டது. கீழ் இடதுக்கு வந்து முப்பத்தாறைத் தொட்டபோது டாக்டர் "நாலு, அஞ்சு, நாலு" என்றார். "நாலு, அஞ்சு, நாலு" என்றேன்.

நாகேந்திரன் கையைத் தூக்கி நிறுத்தினார். வாயிலிருந்து கம்பி வெளியே வந்தது.

"நடுவுல அஞ்சுன்னாங்க. நீங்க என்ன எழுதினீங்க?"

"அஞ்சு."

"காட்டுங்க."

அட்டையைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். விரலை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார்.